கை நனைத்தோம் என்று சொன்னவருக்கு

நீங்கள் பொய் சொன்னீர்கள். நாகப்பட்டினத்தில் அந்தச் சீனாக் கடையில் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சம்மதம் என்று ஊர் முழுக்கச் சொன்னது நீங்கள்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் கீழ்வேளூர்ப் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும்.

போன கிராம சபையில் மைக்கைப் பிடித்துப் பேசினீர்கள். "அவங்க எல்லாரும் வந்து விருந்து சாப்ட்டு, கை நனைச்சு, மனசார சம்மதிச்சாங்க. அப்புறந்தான் எறா குட்டை வந்துச்சு. இதுல நான் என்ன பண்ண முடியும்?" என்றீர்கள். நான் எழுந்து நிற்பதற்குள் மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்து டீ குடிக்கப் போக முடியாது.

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். எங்களுடையது கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊரும் குடித்து முடித்த பிறகு எங்களுக்கு வரும். சில வருடம் வராது. வாய்க்காலை ஒட்டி வரிசையாக ஆறு குடும்பத்தின் வயல். ஆளுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். கடைசி இரண்டு வயலுக்கு அந்தப் பக்கம் உப்பனாறு. கடல் ஏறும்போது அதில் உப்புத் தண்ணீர் ஏறும். நடுவில் ஒரு கரை. அந்தக் கரைதான் எங்களுக்கும் உப்புக்கும் நடுவில் நிற்கிறது.

எங்கள் அப்பா அம்மா காலத்தில் அந்த வயலில் அவர்கள் பண்ணையாள். மிராசுதார் யார் யார் பேரிலோ எழுதி வைத்திருந்த நிலம் அது. நில உச்சவரம்புக்கு மேல் இருக்கிறது என்று கொடி நட்டார்கள், வரப்பில் படுத்தார்கள், போலீசிடம் அடி வாங்கினார்கள், கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கடைசியில் அரசாங்கம் எடுத்து ஆளுக்கு ஓர் ஏக்கர் கொடுத்தது. அப்போது முன்னால் நின்றவர்களில் நீங்களும் ஒருவர். இதை நான் மறைக்கவில்லை. என் அப்பா சாகிற வரைக்கும், "அவன் இல்லேன்னா நமக்கு வயலு ஏது" என்றுதான் உங்களைப் பற்றிப் பேசினார். பிறகு நீங்கள் சிவப்புத் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கரை வேட்டிக்கு மாறினீர்கள். ஆட்சி மாறியபோது வேட்டியின் கரையும் மாறியது. அது உங்கள் விஷயம். எந்தக் கரை கட்டினாலும் தெருவில் உங்களைத் தலைவர் என்றோம். நான் மாமா என்று கூப்பிட்டேன். இனிமேல் கூப்பிட மாட்டேன்.

இறால் பண்ணை வைக்கிறோம், ஆறு வயலையும் நீண்ட குத்தகைக்குக் கொடுங்கள் என்று சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள். முதல் தடவை உங்கள் வீட்டு வாசலில் வைத்துக் கேட்டீர்கள். மாட்டோம் என்றோம். இரண்டாம் தடவை பள்ளிக்கூடத்தில் வைத்துக் கேட்டீர்கள். அன்றைக்கு என் கணவர்தான் பேசினார். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர், சுற்றுப்பட்டு வயல் எல்லாம் அவருக்குத் தெரியும்.

"வேணாம் மாமா. எறா குட்டைன்னா உப்புத் தண்ணியை உள்ள கட்டணும். உள்ள வந்த உப்பு அப்புறம் வெளிய போவாது. எங்க வயலு மட்டும் இல்ல, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்குற அத்தனை பேரு வயலும் போயிரும்."

"சரிப்பா. பிடிக்கலேன்னா விடுங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்துற ஆளா?" என்றீர்கள்.

நாங்கள் விட்டுவிட்டோம். நீங்கள் விடவில்லை.

சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரம். நாற்றங்காலில் பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் நீங்களே ஆறு வீட்டுக்கும் நேரில் வந்தீர்கள். கம்பெனிக்காரர் ஊருக்குத் திரும்பிப் போகிறார், போவதற்கு முன்னால் மரியாதைக்கு ஒரு விருந்து வைக்கிறார், நாகையில் புதிதாகத் திறந்த சீனாக்காரன் கடையில், வீட்டுக்கு இரண்டு பேர் வாருங்கள், வேன் வரும் என்றீர்கள்.

"நிலத்தப் பத்தி ஏதாச்சும் பேச்சு உண்டா?" என்று நான் கேட்டேன்.

"ஏம்மா, சோத்துல கூட உனக்குச் சந்தேகமா? ஒரு பேச்சும் கிடையாது. சும்மா வந்து சாப்ட்டுட்டுப் போங்க."

இந்த வார்த்தையை நீங்கள் எங்கள் வாசலில் நின்று சொன்னீர்கள். என் கணவர் கேட்டார். பக்கத்து வயல்காரி சின்னம்மா கேட்டார். அவர் எனக்கு உறவில் சின்னம்மா இல்லை. தெருவில் எல்லோருக்கும் சின்னம்மா. தனியாளாக மூன்று மாவையும் பார்க்கிறவர், வாய் சும்மா இருக்காது.

நீங்கள் போன பிறகு ஆறு குடும்பமும் கூடிப் பேசினோம். போகாவிட்டால் கூப்பிட்டவரை அவமானப்படுத்தினது ஆகும். போய்ச் சாப்பிட்டால் வேறு மாதிரி ஆகும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள், பேச்சு முடிவாகிறதற்கு முன்னால் அந்த வீட்டில் சோறு சாப்பிட மாட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் முடிந்தது, சம்பந்தம் ஆகிவிட்டது என்று அர்த்தம். பங்காளிச் சண்டை தீர்வதும் அப்படித்தான். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. வயிறு சரியில்லீங்க என்று எழுந்து வந்துவிட்டால் எதிராளிக்குப் புரிந்துவிடும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. வாய் திறந்து மாட்டேன் என்று சொல்லப் பயந்த எங்கள் ஜனங்களுக்கு இந்த வழி எவ்வளவு உதவியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் போவது, உட்காருவது, கை நனைக்காமல் வருவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்யும்போது எல்லோருக்கும் வயிறு நிறைந்திருந்தது.

வேனில் ஏறியதில் இருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் பின் சீட்டில், உப்பனாற்றங்கரை வயல்கள் இரண்டுக்கும் சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி. புதுச் சட்டை போட்டிருந்தார்கள். அண்ணன், "அங்க பாம்பு போடுவானுங்களாமே" என்றார். சின்னம்மா, "போடட்டும். வயல்ல எலி கூடிப் போச்சு, ரெண்டு பாம்ப உசுரோட வாங்கிட்டு வந்துருவோம்" என்றார். வேன் முழுக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டே போனேன். திரும்பிப் போகச் சொல்லலாமா என்று கணவரிடம் கேட்டேன். "சும்மா இரு" என்றார்.

கடை வாசலில் சிவப்புக் காகித விளக்குகள் தொங்கின. முதலாளி உள்ளூர் பாய்தான். ரொம்ப வருடம் சிங்கப்பூரில் சபராளியாக, அதாவது கடல் தாண்டிப் பிழைக்கப் போனவராக, இருந்து திரும்பி வந்தவர். சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் வடகிழக்கு மலைப் பக்கத்துப் பையன்கள். பாய் உங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். பின்னால் பட்டுச் சேலையும் புதுச் சட்டையுமாக வந்த எங்களைப் பார்த்தார்.

"வாங்க தலைவரே. நிச்சயதார்த்தமா? பொண்ணு எந்த ஊரு?"

"நான்தான் பொண்ணு, மாப்புளதான் இன்னும் வரல" என்றார் சின்னம்மா.

பாய் சிரித்தார். நீங்கள் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனிக்காரர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் குறைவு. வியாபாரத்துக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

ஏசி குளிரில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய வட்ட மேசை. அதன் நடுவில் இன்னொரு கண்ணாடி வட்டம், தள்ளினால் சுற்றும். பதார்த்தத்தை அதில் வைப்பார்கள், சுற்றி வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரோரம் கண்ணாடித் தொட்டியில் நண்டும் இறாலும் உயிரோடு கிடந்தன. கம்பெனிக்காரர் அந்த இறாலைக் காட்டி, "இதெல்லாம் நம்ம பண்ணையில வளர்ந்ததுதான்" என்றார். அவர் சொன்னது பக்கத்து ஊர்ப் பண்ணை. அந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. நான் தொட்டிக்கு முதுகைக் காட்டி நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

சூப்பு வந்தது. யாரும் தொடவில்லை. நூடுல்ஸ் வந்தது. யாரும் தொடவில்லை. பிறகு ஒரு பெரிய கொடுவா மீனை முழுசாக ஆவியில் வேகவைத்து, மேலே இஞ்சியும் வெங்காயத் தாளும் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

"ஐயோ பாவம், மசாலா தடவ மறந்துட்டான்" என்றார் சின்னம்மா.

பூண்டு போட்டு வதக்கிய இறால், மிளகு நண்டு, கணவாய், முட்டை போட்ட சோறு என்று வரிசையாக வந்தன. நீங்கள் அந்தக் கண்ணாடி வட்டத்தை விட்டு விரலை எடுக்கவே இல்லை. இறால் தட்டை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். நாங்கள் எடுக்காமல் இருப்போம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சுற்றுவீர்கள். நண்டு வந்து நிற்கும். வாசனை மூக்குக்கு நேராக வந்து நின்றுவிட்டுப் போகும். மத்தியானம் கஞ்சியோடு கிளம்பினவர்கள் நாங்கள்.

"என்னப்பா, ஆறுது. எடுத்துப் போட்டுக்கங்க."

"வயிறு சரியில்ல மாமா" என்றார் என் கணவர்.

"எனக்கும்" என்றார் கரை வயல் அண்ணன்.

"எனக்கும்" என்றார் தம்பி.

"ஆறு வீட்டுக்குமா வயிறு சரியில்ல?" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது. நீங்களும் எங்கள் தெருதானே. எத்தனை சம்பந்தம் பேசி முடித்திருக்கிறீர்கள்.

அப்போதுதான் சின்னம்மா என் பக்கம் சாய்ந்தார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. பக்கத்து நாற்காலிகளுக்கும் கேட்டது.

"ஏண்டி, பொண்ணு பாக்கப் போனா கேசரி குடுக்குறாங்கள்ல? அத ஸ்பூன்லதான திங்கிறோம்? கேசரி தின்னுட்டு வந்தா சம்பந்தம் ஆயிருதா?"

"ஆவாது" என்றேன்.

"அப்ப ஸ்பூன்ல தின்னா கை எங்கடி நனையுது?"

நான் யோசித்தேன். அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே எத்தனையோ வீட்டில் கேசரி தின்றுவிட்டுப் பிறகு கூப்பிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி வந்தவர்கள்தான் நாங்கள். சின்னம்மா சொன்னது நாற்காலி நாற்காலியாக மேசையைச் சுற்றிப் போனது. தம்பி முதலில் ஸ்பூனை எடுத்தார். அப்புறம் எல்லோரும் எடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன்.

நண்டை ஸ்பூனால் சாப்பிட்டுப் பாருங்கள். ஓட்டை உடைக்க ஒரு ஸ்பூன், சதையைத் தோண்ட முள்கரண்டி, பிடித்துக்கொள்ளக் காகிதக் கைக்குட்டை. அண்ணன் ஸ்பூனால் அழுத்தியதில் ஒரு நண்டுக்கால் எகிறிக் கம்பெனிக்காரர் தோளைத் தாண்டிப் போனது. "ஓடுது, பிடி" என்றார் சின்னம்மா. மீன் முள்ளை முள்கரண்டியால் எடுக்க முடியாமல் என் கணவர் வேர்த்துப் போனார். ஒருத்தர் விரல்கூடச் சோற்றில் படவில்லை. அவ்வளவு கவனமாகச் சாப்பிட்டோம். வயலில் சேறும், வீட்டில் சாம்பலும் அள்ளுகிற கைகளை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"என்ன எல்லாரும் வெள்ளைக்காரன் ஆயிட்டீங்க? கையால பெசஞ்சு சாப்புடுங்கப்பா."

"இந்த மாதிரிக் கடையில கையால தின்னா மரியாதையில்லன்னு சொன்னாங்க மாமா" என்றார் என் கணவர்.

"யாரு சொன்னா?"

"பாய்" என்றார் சின்னம்மா. பாய் அங்கே இல்லவே இல்லை.

நீங்கள் எங்கள் கைகளைப் பார்த்தீர்கள். ஒவ்வொருவர் கையாகப் பார்த்தீர்கள். பிறகு பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு அவன் காதில் ஏதோ சொன்னீர்கள். நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ்கிரீம் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பையன் சின்னச் சின்னக் கிண்ணங்களைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தான். வெந்நீர். அதில் ஒரு துண்டு எலுமிச்சம்பழம். அதை ரசம் என்று நினைத்து நாங்கள் குடித்துவிட்டதாகப் பிற்பாடு ஊரில் ஒரு கதை ஓடியது. யாரும் குடிக்கவில்லை. கல்யாண மண்டபங்களில் பார்த்திருக்கிறோம். எதற்கு என்று எங்களுக்குத் தெரியும்.

"கைய விட்டுக் கழுவிக்கங்க" என்றீர்கள்.

எங்கள் கையில் கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கம்பெனிக்காரர் தன் விரலை விட்டார். அவர் பாட்டுக்கு, பழக்கத்தில் விட்டார். நீங்கள் விட்டீர்கள். எதிரே ஒருத்தர் கை கழுவும்போது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கும் வரவில்லை. அண்ணன் விட்டார், தம்பி விட்டார், என் கணவர் விட்டார், சின்னம்மா விட்டார். குளிரில் விறைத்த விரலுக்கு அந்த வெந்நீர் இதமாக இருந்தது. நானும் விட்டேன்.

நீங்கள் கையை உதறிவிட்டு எழுந்து நின்றீர்கள்.

"ஆச்சு சார்! ஆறு குடும்பமும் கை நனைச்சாச்சு!"

கம்பெனிக்காரருக்கு அது புரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நீங்கள் அவர் பக்கம் குனிந்து விளக்கம் சொன்னீர்கள். உடனே அவர் எழுந்து உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களோடு வந்த ஆள் போனை எடுத்து எங்களைப் படம் பிடித்தான். என் கை அப்போதும் தண்ணீரில்தான் இருந்தது. வெடுக்கென்று எடுத்துச் சேலையில் துடைத்தேன்.

"யாரு மாமா நனைச்சது?" என்றேன்.

"தண்ணியில விட்டா கை நனையாம என்னம்மா செய்யும்?"

"சோத்துல நனைச்சாத்தான் நனைச்சது. ஒரு பேச்சும் கிடையாதுன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் என்ன பேசினேன்? கைதான நனைஞ்சுதுன்னேன்."

"தலைவரே" என்றார் சின்னம்மா, "நான் தெனம் வாய்க்கால்ல துணி தொவைக்கிறேன். அப்ப வாய்க்காலுக்கு வாக்கப்பட்டுட்டேனா?"

மேசை மொத்தமும் சிரித்தது. பரிமாறுகிற பையன் மொழி தெரியாமலே சிரித்தான். கோபமாக எழுந்து நின்ற நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என் கேள்வி போய்விட்டது. உங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. எல்லோரும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு வேன் ஏறினார்கள். நான் மட்டும் வழியெல்லாம் கணவரை நச்சரித்தேன். "அவரு சொன்னது விளையாட்டு இல்லங்க." "விடு, யாரு நம்பப் போறா?" என்றார்.

ஊர் நம்பியது.

மறுநாள் காலையில் டீக்கடையில் நீங்கள் அதைச் சொல்லிவிட்டீர்கள். ஸ்பூனைச் சொல்லவில்லை. கிண்ணத்தைச் சொல்லவில்லை. "கரை ஆளுங்க ஆறு குடும்பமும் நாகையில கம்பெனி விருந்துல கை நனைச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னீர்கள். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. எழுதி வாங்குகிறதை விட அது பெரிது. எழுதினதைக் கோர்ட்டில் மாற்றலாம். கை நனைத்துவிட்டு மாட்டேன் என்றவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னீர்கள்.

நாற்று பறிக்கிற பருவம் வந்ததும் நடவுக்கு ஆள் கேட்கப் போனேன். எங்கள் தெருவில் நடவுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அக்கா ஒருவர் உண்டு. அவர் சொன்னால்தான் ஆள் இறங்கும். என்னைக் கண்டதும் அவர் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு வரீங்களாக்கா?"

"குட்டை வெட்டப் போற வயலுக்கு எதுக்குடி நடவு?"

"யாருக்கா குட்டை வெட்டப் போறா? நாங்க குடுக்கவே இல்லியே."

"அப்ப கை நனைச்சது?"

"நாங்க ஸ்பூன்லதான்க்கா தின்னோம்" என்றேன். சொல்லும்போதே அது எப்படி இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாசலில் இருந்த மற்றப் பெண்களும் பார்த்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

"நீங்க அங்க போயி எறா தின்னுட்டு வந்துட்டீங்க. நாங்க இங்க உப்பைத் தின்னணுமா? என் வயலு வாய்க்காலுக்கு இந்தப் பக்கந்தான் இருக்குன்னு உனக்குத் தெரியாதா? போடி."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பேன்.

அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நடவுக்கு யாரும் வர மாட்டேங்கிறாங்க மாமா. நீங்க சொன்னதுதான் காரணம்."

"அட, நான் வெளையாட்டுக்குச் சொன்னேம்மா. எவனோ பெருசாக்கிட்டான்."

"வெளையாட்டுன்னு ஊர்ல சொல்லுங்க. இப்பவே வாங்க, அந்த அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். நீ போ."

நான் போகாமல் நின்றேன். நீங்கள் போனில் யாருடனோ பேச ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் சொல்லவில்லை. அடுத்த நாளும் வந்தேன், வீட்டில் இல்லை என்றார்கள். உங்கள் செருப்பு வாசலில் கிடந்தது.

நாற்று காத்திருக்காது. முற்றினால் கணு விட்டுவிடும், அப்புறம் நட்டாலும் தூர் கட்டிக் கிளைக்காது. அந்த நாட்களில் வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை எனக்கு. நாற்றங்காலுக்குப் போவேன், ஒரு நாற்றைப் பிடுங்கித் தண்டைத் தடவிப் பார்ப்பேன், திரும்பி வருவேன், சோறு வைத்துவிட்டு மறுபடி போவேன். நாளைக்கு யாராவது மனம் மாறி வருவார்கள் என்று தெருமுனையைப் பார்ப்பேன். கடைசியில் நானும் கணவரும் சின்னம்மாவும் குனிந்தோம். மூன்று பேர், முதலில் எங்கள் வயல், பிறகு சின்னம்மா வயல். நடுவில் இருக்கிற மற்ற இரண்டு குடும்பமும் அப்படியே தங்கள் வீட்டு ஆட்களை வைத்துப் பாதியும் குறையுமாக நட்டார்கள். வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "வேடிக்கைக்குக் காசு கேளுடி" என்றார் சின்னம்மா. அன்றைக்கு அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட.

அண்ணன் தம்பிக்கு வீட்டில் நடவு ஆள் இல்லை. அவர்கள் நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப் பழுத்தது. அண்ணனைப் பார்க்கப் போனேன். அவசரப்பட்டு எதுவும் செய்துவிட வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன்.

"குடுத்துட்டான்னு பேரு வந்தாச்சு தங்கச்சி" என்றார். "நட ஆளு இல்ல. டீக்கடையில பக்கத்துல எவனும் உக்கார மாட்டேங்கிறான். பேரு வந்த பொறவு குடுக்காம இருந்து யாருக்கு லாபம்?"

இரண்டு பேரும் கொடுத்தார்கள். உப்பனாற்றை ஒட்டிய வயல்கள் அவர்களுடையவை, கம்பெனிக்கு ஆரம்பத்துக்கு அது போதும். கரையை வெட்டி உப்புத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். தலைவரே, சம்மதம் வாங்கி நீங்கள் சேதி சொல்லவில்லை. சேதியை முதலில் சொல்லிவிட்டீர்கள். சம்மதம் அதன் பின்னால் வந்தது.

இப்போது எங்கள் வரப்பில் கோடையில் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கோலமாவு கொட்டின மாதிரி இருக்கும். குட்டையை ஒட்டின வயலில் நெல் கருகல். எங்கள் வயலில் இன்னும் விளைகிறது, வருடத்துக்கு வருடம் குறைந்து விளைகிறது. அந்த அக்கா வயலில் கிணறு கரிக்கிறது. அவர் இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேசுவதில்லை. அண்ணன் தம்பி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். ஊருக்கு வந்தால் பின்தெரு வழியாக வருகிறார்கள்.

மீதி நான்கு வயலையும் கேட்டு இந்த வருடம் மறுபடி ஆள் வந்திருக்கிறது. பழைய கம்பெனிக்காரர் இல்லை, வேறு ஆள். நாங்கள் எதிர்த்து மனுக் கொடுத்தோம். வாங்கிப் படித்த அதிகாரி, "ஆறு குடும்பமும் அன்னைக்கே சம்மதிச்சாச்சுன்னு உங்க தலைவரே சொல்றாரேம்மா, இப்ப ஏன் மாத்திப் பேசுறீங்க?" என்றார். இதை நான் ஸ்பூனையும் கேசரியையும் வைத்து அந்த அதிகாரிக்கு எப்படி விளக்குவது? என் வயல் நாளைக்கு எனக்கு இருக்குமா என்பது, நீங்கள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கிண்ணம் வரவழைத்துச் சொன்ன ஒரு வார்த்தையில் தொங்குகிறது. நீங்கள் அதை எடுக்காத வரைக்கும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொல்லவில்லை. அண்ணன் தம்பியின் நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால் உங்களால் முடியாது. முடிகிற ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அந்த அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். மனுவைப் படித்த அதிகாரியையும் நாங்கள் வரச் சொல்லியிருக்கிறோம். போன தடவை பிடித்த அதே மைக்கைப் பிடித்து, எங்கள் நான்கு குடும்பத்துக்கும் முன்னால் நின்று, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: எங்களில் யார், என்றைக்கு, எந்த இடத்தில், வாயைத் திறந்து உங்களிடம் சரி என்று சொன்னோம்? ஒரே ஒரு ஆளைக் கைகாட்டுங்கள்.